தேன்மொழி கடைக்கு ஒற்றை நட்சத்திரம்

பிற்பகல் இரண்டு பதினெட்டு. வல்லம் வடகால் ஆலையில், லைனில் வரும் பாகங்களைக் கேஜ் வைத்து அளந்துகொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து, "கேஜைக் கீழ வை, சேகர். உன் வூட்டுக்காரம்மா கடையில மயங்கி வியுந்துட்டாங்களாம்" என்றார். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது தேன்மொழி உயிரோடு இல்லை. மூளையில் ரத்தக் கசிவு. 1991-இல் பிறந்தவள்.

ஒரகடத்தில் அவள் நடத்திய பியூட்டி பார்லரில் ஒரே நாற்காலி. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் நம் ஆலைப் பெண்கள், நீங்கள்தான் அவளுடைய வாடிக்கை. புருவம் திருத்தியதும் கைக்கண்ணாடியை நீட்டுவாள். "நல்லாப் பாரு. புடிக்கலன்னா இங்கயே சொல்லு, சரி பண்ணிடலாம். வூட்டுக்குப் போயி போன்ல எழுதுனா நான் இன்னா பண்றது?" ஒருமுறை உங்களில் மேரி, "அக்கா, ஒரு புருவம் ஆச்சரியப்படுது, இன்னொண்ணு தூங்குது" என்றாள். தேன்மொழி சிரித்துக்கொண்டே மறுபடி நூலை எடுத்தாள்.

அன்று மாலை மணிமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மணப்பெண்ணை அலங்கரிக்கப் போவதற்காகப் பெட்டியை அடுக்கும்போதுதான் விழுந்தாள். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள், இணையத்தில் கடையின் பெயருக்குக் கீழே ஒற்றை நட்சத்திரம்: "வரேன்னு சொல்லிட்டு வரல. போனும் எடுக்கல. பொறுப்பே இல்லாத ஆளு."

வரவில்லை, எடுக்கவில்லை. இரண்டும் உண்மை. பொறுப்பில்லாதவள் என்பதை எப்படி விடுவது? நடந்ததை விளக்கி, நீக்கச் சொல்லி அந்த இணையதளத்துக்கு எழுதினேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று ஒரு வரி பதில் வந்தது.

அந்த எரிச்சலில்தான் தப்பு செய்தேன். சாப்பாட்டு பிரேக்கில், கேன்டீனில் வைத்தே உங்கள் எல்லோரையும் ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னேன். மறுநாள் அத்தனையும் போலி என்று நீக்கப்பட்டன. மேரி போன வருஷம் தானாக எழுதியிருந்ததும் சேர்ந்து போனது. எல்லா அளவும் ஒன்றுபோல வந்தால் கேஜைச் சந்தேகப்படு என்று டிரெய்னிகளுக்குச் சொல்கிறவன் நான். எனக்கு அது தோன்றவில்லை. இப்போது அவள் பெயருக்குக் கீழே அந்த ஒற்றை நட்சத்திரம் மட்டும்தான்.

"இன்னாண்ணா, நான் போட்டதக் காணோம்? மறுபடி போடவா?" என்று அழைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். வேண்டாம். நாளை நான் மணிமங்கலம் போகிறேன். நீக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். தேன்மொழி ஏன் வரவில்லை என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்வேன்.

கைக்கண்ணாடியை நான் வைத்துக்கொண்டேன். அவளைப் பற்றி, நல்லதோ கெட்டதோ, சொல்ல இருப்பவர்கள் ஞாயிறன்று கடைக்கு வாருங்கள். நாற்காலி அங்கேதான் இருக்கிறது. என் போனை அணைத்துவிட்டேன்.