சுமதி வாங்கிய ரேடியேட்டர்

நான் கபடிப் போட்டிக்கு வர்ணனை சொல்கிறவன். வாய் ஓய்ந்தால் என் பிழைப்பு ஓய்ந்தது. நான் மைக்கில் பேசப் பேச, பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை நேரலையில் விடுவது சுமதி. அருப்புக்கோட்டைப் பஞ்சாலையில் வேலை பார்த்துவிட்டு, துணிந்து கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கித் தொழிலில் இறங்கியவள். கணவன் ராஜபாண்டி கத்தாரில் இருக்கிறான். அவன் தம்பி மதன்குமார்தான் எங்கள் ஊர் அணியின் உயிர்.

போன வருடம் நரிக்குடி இறுதி ஆட்டத்தில், தகரக் கொட்டகைக்குள் இருந்த கம்ப்யூட்டர் வெக்கை தாங்காமல் அணைந்துபோனது. அதுவும் மதன்குமார் கடைசி ரெய்டுக்குப் போன நேரத்தில்! அவன் ஜெயித்ததை அண்ணன்காரன் பார்க்கவே இல்லை. சுமதி தேம்பித் தேம்பி அழுதாள்.

இந்த வருடம் தண்ணீரால் குளிர வைப்பது என்று முடிவு கட்டினாள். கம்ப்யூட்டரின் சூட்டைத் தண்ணீர் சுமந்துபோய் ரேடியேட்டரில் சேர்க்கும். ஃபேன் அதை வெளியே தள்ளும். இரண்டையும் வாங்க மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

கடையில் ஒரு ஃபேன் திருவிழா சீரியல் செட் மாதிரி மின்னியது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“ஏத்தா சுமதி, இதப் பாரு! கேமராவுல காட்டுனா சும்மா அள்ளும்ல!”

“வேடிக்கை பாக்கவா வந்தோம்? சும்மா இருங்கண்ணே.”

தகடுகள் நெருக்கமாக இருந்த ரேடியேட்டரை ஒதுக்கினாள். “நம்ம கரிசப் புழுதிக்கு இது உடனே அடைச்சுக்கிரும். மில்லுல பஞ்சு அடைச்சு மெசினு கொதிச்சத நான் பாக்கலியா?” என்று, இடைவெளி விட்டதாக, மூன்று ஃபேன் மாட்டுகிற நீளத்தில் ஒன்றை எடுத்தாள். பிறகு என் பையிலிருந்த போட்டி நோட்டீஸை உருவி, ரேடியேட்டருக்கு இந்தப் பக்கம் என்னைப் பிடிக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் கடைக்காரர் ஃபேனை ஓட்டினார். என் விளக்கு ஃபேனுக்கு நோட்டீஸ் லேசாக ஆடியதோடு சரி. கறுப்பாக, ஒரு அழகும் இல்லாத ஃபேனை வைத்ததும் நோட்டீஸ் படாரென்று என் மூக்கில் வந்து அப்பியது.

“இதுதேன்ணே!” என்று சுமதி போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

மறுபடி நரிக்குடி. அதே தகரக் கொட்டகை, அதே வெக்கை, இறுதி ஆட்டம். இரண்டு அணியும் சமப் புள்ளி. மதன்குமார் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுக் கடைசி ரெய்டுக்குப் போனான். என் கண் மைதானத்தில் இல்லை, கம்ப்யூட்டரில் இருந்தது. அணைஞ்சிராத ஆத்தா, அணைஞ்சிராத! மூன்று ஃபேனும் சீராக இரைந்தன. வெளியே விசிலும் வேட்டுமாகக் கூட்டம் எழுந்து ஆடியது.

சுமதியின் போன் அடித்தது. ராஜபாண்டி. ஸ்பீக்கரில் போட்டாள்.

“பாத்துட்டேன் சுமதி! தம்பி ரெண்டு பேரத் தொட்டுட்டு வந்தத இந்தக் கண்ணால பாத்துட்டேன்! ஆமா, அண்ணன் சத்தத்தையே காணோம். மெசினு மறுபடி மக்கர் பண்ணுதா?”

சுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மைக் என் கையிலேயே இருந்தது. வாய் மட்டும் பிளந்திருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “மெசினு நல்லாத்தேன் ஓடுது. அண்ணந்தேன் சூடாகி நின்னுட்டாக.”