சாவி அக்காவின் அறை

இசையமைப்பாளர் வாழ்ந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, கழிவறை எங்கே என்பதுதான். இரண்டாவது, அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு. நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வயல்களுக்கு நடுவே குலுங்கி வந்து இறங்குகிறவர்களைக் குறை சொல்லி என்ன பயன். பதினான்கு வருஷமாக வாசலில் டிக்கெட் கிழிக்கிறேன். அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார், எந்த நாற்காலியில் உட்கார்ந்து எதை எழுதினார் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. அதெல்லாம் சாவி அக்காவுக்குத்தான் தெரியும்.

அந்த வீட்டின் பதினேழு கதவுகளையும் இருபத்தாறு வருஷமாகக் காலையில் திறந்து மாலையில் பூட்டியவள் அவள். திறப்பதற்கு முன் எல்லா அறைகளையும் துடைத்துவிடுவாள். பியானோவை மட்டும் தொட்டும் தொடாமலும் ஒரு துணியால் ஒற்றுவாள். எந்தக் கண்ணாடியில் கீறல், எந்தப் படி முனகும், எந்த அலமாரி மழைக்காலத்தில் பிடிவாதம் பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வழிகாட்டிகள் வந்தார்கள், மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்கள், வேறு வேலை கிடைத்ததும் போனார்கள். அவர்களில் ஒருவர்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. துடைக்கிறவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

வேலையோடு ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். கீழ்த்தளத்தில், இசைக்கூடத்தை ஒட்டிய குறுகலான அறை. அவள் கணவர் அங்கேயே தோட்டக்காரர். அவரை நான் மாமா முறை ஆக்கிக்கொண்டேன், அவரும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். பதினோரு வருஷத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. அன்று கட்டிலில் கிடத்தியவர் எழுந்திருக்கவில்லை. ஜன்னலை ஒட்டிக் கட்டில், வெளியே புல்வெளி. அங்கே படுத்தபடி புதுத் தோட்டக்காரனின் வேலையில் குற்றம் கண்டுபிடித்தே பொழுதைப் போக்கினார். பிள்ளை இல்லை, வேறு வீடு வாசல் இல்லை. அந்த அறை போனால் மாமாவை எங்கே கிடத்துவது என்பதற்கு அக்காவிடம் பதில் இல்லை.

போன வருஷம் வீட்டை நடத்தும் அறக்கட்டளைக்காரர்களுக்கு ஓர் ஆசை வந்தது. இசையமைப்பாளர் வாழ்ந்த காலத்தில் வீடு எப்படி இருந்ததோ, அப்படியே திருப்பிக் கட்ட வேண்டுமாம். அதற்காக ஒரு கட்டட நிபுணர் வந்தார். எந்நேரமும் கையில் டேப் இருந்ததால் நாங்கள் அவருக்கு அளவுகாரர் என்று பெயர் வைத்தோம். அவரை ஒரு புகைப்படம் ஆட்டிப் படைத்தது. இசையமைப்பாளர் பியானோ முன் உட்கார்ந்திருக்கிறார், இடதுபக்கம் ஒரு பெரிய ஜன்னல். ஆனால் இசைக்கூடத்தில் இடதுபக்கம் வெறும் சுவர். படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது என்றார் ஒருவர், அது வேறு வீடு என்றார் இன்னொருவர். அளவுகாரர் மூன்று நாள் அலைந்துவிட்டு என்னிடம் வந்து தண்ணீர் கேட்டார்.

"எனக்கென்ன சார் தெரியும், அக்காவக் கேளுங்க. இந்த வீட்டுல எறும்பு எந்தப் பக்கம் போகுதுங்கறதுகூட அவங்களுக்குத் தெரியும்" என்றேன். அன்றைக்கு யாராவது என் வாயைத் தைத்திருக்கலாம்.

அக்கா அவர் நீட்டிய படத்தைக் கையில்கூட வாங்கவில்லை. அதன் பெரிய பிரதி மாடிப்படி அருகே தொங்குகிறது. தினமும் அதைத் துடைக்கிறவள் அவள்.

"படம் சரியாத்தான் இருக்கு சார். ஜன்னலும் இருக்கு. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், எங்க ரூம்ல."

"எப்படிம்மா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"படத்துல ஜன்னலுக்குக் கீழ தரையில வட்டமா ஒரு கறுப்பு தெரியுதுல்ல? சூடா எதையோ வச்ச தடம். அது எங்க கட்டிலுக்குக் கீழ இருக்கு. எவ்வளவு தேய்ச்சாலும் போகல. தரைப் பலகையையும் பாருங்க. சுவரோட நிக்கல, அடியிலயே ஓடி எங்க ரூமுக்கு வருது. சுவரு பிற்பாடு வச்சது சார்."

அளவுகாரர் ஓடினார். மாமா படுத்திருக்கும்போதே கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய், விளக்கடித்துப் பார்த்துவிட்டு வந்தார். முழங்காலில் ஒரு தூசி இல்லை. "யாரு அது, என்ன தேடுறாரு?" என்று மாமா கேட்டார். "நீங்க பேசாம இருங்க, பெரிய விஷயம் நடக்குது" என்றாள் அக்கா. அளவுகாரர் அக்கா சொன்னதை மறுபடி கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். மேலாளர் வந்து கைகொடுத்தார். அக்காவைச் சுவர் அருகே நிறுத்திப் படம் எடுத்தார்கள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

"நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டார் தம்பி, பேனாவால" என்று மாலையில் என்னிடம் வந்து சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன். எங்கள் இருவரில் ஒருவருக்காவது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பத்தாம் நாள் ஆட்கள் வந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு மாமாவின் தலைமாட்டைத் தாண்டிப் போனது. சுவரோடு அறையும் போகிறது என்று அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. மேலாளர் அறைக்கு ஓடினாள், பின்னாலேயே நானும் போனேன்.

"தப்பா சொல்லிட்டேன் சார். அந்தத் தடம் நான் வச்ச பாத்திரத்தோடது. மறந்துபோச்சு."

மேலாளர் மேசைமேல் இருந்த புகைப்படத்தை மெதுவாக அவள் பக்கம் திருப்பிவைத்தார். அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன் எடுத்த படத்தில் அந்தக் கறுப்பு வட்டம் இருந்தது. மேலாளர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம், மனதாரத் திட்டக்கூட முடியவில்லை. நகரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் மாமாவுக்குப் படுக்கை வாங்கிக் கொடுத்தார். அக்காவுக்கு வேலை அப்படியே இருக்கிறது என்றார். அவள் நகரத்தில் மூன்று பெண்கள் தங்கியிருந்த ஓர் அறையில் நான்காவதாகச் சேர்ந்தாள்.

இப்போது சுவர் இல்லை. கூடம் வெளிச்சமாக இருக்கிறது. வருகிறவர்கள் அந்த ஜன்னலடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீண்ட ஆய்வுக்குப் பின் கண்டறியப்பட்டது என்று பக்கத்தில் ஒரு பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா காலை முதல் பேருந்தில் வந்து அந்தக் கறுப்பு வட்டத்தையும் சேர்த்துத் துடைக்கிறாள். கட்டில் இல்லாததால் துடைப்பது சுலபம்.

திங்கட்கிழமை வீட்டுக்கு விடுமுறை. போன திங்கள் அவளோடு நானும் மாமாவைப் பார்க்கப் போனேன். ஓர் அறையில் ஆறு படுக்கை, அவருடையது கதவோரம். கோடு போட்ட நாளிலிருந்து அவர் அக்காவோடு பேசுவதில்லை. அவள் ஊட்டினால் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

"மாப்ள, அந்த ஜன்னல் மேல் பாதியில ஒரு கொடி படர்ந்திருந்துச்சே, வெட்டிட்டாங்களா?"

"வெட்டிட்டாங்க மாமா. வெளிச்சத்த மறைக்குதுன்னு."

"அது தானா ஏறல. நான் ஏத்துனது. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாம் வருஷமே எனக்குத் தெரியும். வெளியிலேர்ந்து பாத்தா நாலு ஜன்னலும் ஒரே வரிசை, ஒரே அளவு. கூடத்துக்குள்ள எண்ணுனா மூணுதான். படத்துல இருக்கறது எங்க ஜன்னல்னு தோட்டக்காரனுக்குத் தெரியாதா? எவனாவது எண்ணித் தொலைக்கப் போறான்னுதான் கொடிய விட்டேன். பாக்கறவனுக்குச் சின்ன ஜன்னலா தெரியட்டும்னு."

கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. எனக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

"என்கிட்ட ஒரு தடவகூடச் சொல்லலையேங்க" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தே பதில் சொன்னார். "சொன்னா இவளால சும்மா இருக்க முடியாது மாப்ள. அந்த வீட்டப் பத்தி எதாவது தெரிஞ்சா யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்."

"உங்களுக்காக இருந்திருப்பேன். யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்."

அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அக்கா கரண்டியை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். கிண்ணத்தில் பாதிக் கஞ்சி இருந்தது.

"போதும்னு சொல்லு மாப்ள" என்றார்.

"போதுமாம்க்கா" என்றேன்.