வெங்காயத் தறையில் நான் மறித்த கோடு

அந்தப் பந்து நான்கு வருடமாக எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே, அம்மாவின் தையல் மெசின் மூடிக்குப் பக்கத்தில், காற்று இறங்கிக் கிடந்தது. இரண்டு முனையும் கூரான, மண்ணிறத் தோல் பந்து. தையல் இடுக்குகளில் இன்னும் எங்கள் செம்மண் ஒட்டியிருக்கிறது. போன மாதம் ஒரு பின்னேரம் கதிரை போட்டு ஏறி நான் அதை இறக்கியதற்குக் காரணம் தரம் ஒன்பதில் படிக்கும் ஒரு பிள்ளை. நான் உடுவிலுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் தொண்டர் ஆசிரியை. நியமனம் வரும்வரை விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அன்று பாடசாலை விட்டபின் சைக்கிளை எடுக்கப் போனவள், மைதான ஓரத்தில் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடுவதைக் கண்டு நின்றுவிட்டேன். ஒவ்வொரு கோட்டிலும் ஒருத்தி மறித்து நிற்க, மற்றக் கட்சி தொடுபடாமல் கோடு கோடாகக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். கை பட்டால் அவுட். அந்தப் பிள்ளை முழு வேகத்தில் ஓடி வந்தாள். கோட்டுக்கு ஓரடி முன்னால் சட்டென்று நின்றாள். வலது தோளை மட்டும் கொஞ்சம் சாய்த்தாள். மறித்தவள் வலப்பக்கம் பாய்ந்து இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் ஊன்ற, இவள் இடப்பக்கத்தால் போனாள். ஓடிக்கூட இல்லை, நடந்து போனாள்.

அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும். கடைசியாக அதை நான் கண்டது கைத்தொலைபேசித் திரையில், ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்ற ஒரு மைதானத்தில். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பந்தை எறிந்தால் என்ன என்று அந்த இடத்திலேயே தோன்றியது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதே நினைப்பு. திரும்ப வேண்டிய சந்தியையும் தாண்டிப் போய்விட்டேன்.

அந்தத் திரையில் அப்படி நின்றவர் அண்ணை, என் பெரியப்பாவின் மகன். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய், அமெரிக்கக் கால்பந்தைத் தொழிலாகவே ஆடியவர். பெயரில் கால் இருந்தாலும் அந்த ஆட்டம் பெரும்பாலும் கையால்தான். நடுவில் நிற்பவன் பந்தை எறிவான். ஓரத்தில், கூட்டத்திலிருந்து விலகித் தனியாக நிற்பவன் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். அண்ணை அந்த ஓரத்து ஆள். எறிபவனும் பிடிப்பவனும் முன்னமே பேசி வைத்த வழி ஒன்று இருக்கும்: இத்தனை அடி நேரே, பிறகு உள்ளே வெட்டித் திரும்பு. பிடிப்பவன் திரும்புவதற்கு முன்னமே பந்து எறிபவனின் கையை விட்டுப் புறப்பட்டுவிடும். அது ஆளுக்கு எறிவதல்ல, ஆள் வரப்போகும் இடத்துக்கு எறிவது. இது எனக்கு விளங்க ஒரு கிழமை எடுத்தது. விளங்கிய அன்று சாப்பாட்டுக் கோப்பையில் குழம்பால் கோடு கீறி அம்மாவுக்கும் விளங்கப்படுத்தி, ஏச்சு வாங்கினேன்.

பெரியப்பாவின் அஸ்தியைக் கீரிமலைக் கடலில் கரைக்கத்தான் அவர் வந்தார். காரியம் முடிந்த பின்னும் சித்திரை வருடப்பிறப்பு வரை எங்கள் வீட்டில் நின்றார். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம், வாயை மூடத் தெரியாத வயது. ஊர் விளையாட்டுக் கழகச் செயலாளரிடம் அண்ணை பெரிய கால்பந்து ஆட்டக்காரர் என்று அளந்துவிட்டேன்; அவர் அதை உதைபந்து என்றே எடுத்துக்கொண்டார். இரண்டு நாளில் சந்தியில் பதாகை ஏறியது: சர்வதேச உதைபந்தாட்ட வீரர் எங்கள் கழகத்துக்காகக் களமிறங்குகிறார். அண்ணைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தன் படத்தைக் கண்டு சந்தோசப்பட்டு அதற்குக் கீழே நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டார். பிறகு ஆட்டத்தில் மூலையிலிருந்து உயர்ந்து வந்த பந்தை, எல்லோரும் தலையால் முட்ட எழும்ப, அவர் எல்லோருக்கும் மேலால் எழும்பி இரண்டு கையாலும் அழகாகப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மைதானமே சிரித்தது. “தம்பி, கால் ரெண்டையும் வாடகைக்கு விட்டிட்டியோ?” என்று மதில்மேல் இருந்த ஒருவர் கேட்டார். அண்ணையும் சிரித்தார். அன்று முழுக்க நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை அவரே என்னிடம் வந்தார். கையில் அந்தப் பந்து. அப்போதுதான் விசயத்தைச் சொன்னார். நான் பெருமையடித்த அளவுக்கு அவர் நிலைமை பெரிதாக இல்லை. நான்கு வருடத்தில் மூன்று அணிகள் அவரை எடுத்து, மூன்றும் விட்டுவிட்டன. விடும் நாளில் தொலைபேசி வருமாம்: பயிற்றுநர் கூப்பிடுகிறார், ஆட்ட வழிகள் எழுதிய கொப்பியையும் கொண்டு வா. கொப்பி என்ற சொல் வந்தால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். இப்போது நான்காவதாக ஓர் அணி மே மாதத்தில் மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூப்பிட்டிருந்தது. அவருக்கு இருபத்தேழு வயது. “இதுவும் சரிவராட்டி இனி ஒருத்தரும் கூப்பிடமாட்டினம் தங்கச்சி. அதுவரைக்கும் கை பழகிக்கொண்டே இருக்கவேணும். எறிய ஆள் வேணும்.”

எறிய நான் போனேன். பாடசாலையில் வலைப்பந்து ஆடிய கை என்ற துணிச்சல். முதல் பந்து கோழிக்கூட்டின் தகரத்தில் விழுந்தது. தோல் பந்தின் தையலில் விரலை எங்கே வைப்பது, எந்த விரல் கடைசியாக விடுவது என்று காணொளி பார்த்து, சின்னவிரல் வீங்கி, ஐந்தாம் நாள்தான் பந்து ஆடாமல் சுழன்று போனது. அப்பா வெங்காயம் கிண்டி முடித்த தோட்டத் தறை வெறுமையாகக் கிடந்தது. செம்மண் புழுதியில் அவர் ஓடுவார், நான் எறிவேன். அயலில் புகையிலைக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறியவர்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டுப் பார்ப்பார்கள். இவ்வளவு பெரிய ஆம்பிளை ஒரு பந்தைப் பிடிக்கிறதுக்குச் சம்பளமோ என்று அம்மாவிடம் விசாரித்தார்களாம்.

வருடப்பிறப்பு அன்று அதே தறையில் கிளித்தட்டு. அப்பாவே மண்வெட்டியால் கோடு கீறினார். அண்ணை ஒரு கட்சி, நான் மற்றக் கட்சி. முதல் கோட்டை மறித்தவள் நான். அவருடைய ஓட்டத்தைப் பார்த்திருந்தேன். என்னால் ஒன்றும் முடியாது என்றுதான் நினைத்தேன். முதல் தரம் தொட்டேன். தற்செயல் என்று சிரித்தார்கள். இரண்டாம் தரமும் தொட்டேன். மூன்றாம் தரம் தொட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை அப்படியே நின்றார். சேட்டு விளிம்பை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்படி என்று கேட்டார்.

“நீங்கள் போற இடத்தை முதல் பாக்கிறியள் அண்ணை. பிறகுதான் போறியள்.”

அன்று பின்னேரம் அண்ணை பலகாரத் தட்டுக்கு முன்னால் இருந்து தன் பழைய ஆட்டக் காணொளிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் திரும்புவதற்கு முன் தலை அந்தப் பக்கம் மெல்ல அசைந்தது. மூன்று அணிகள் ஏன் விட்டன என்று யாரும் அவருக்கு விளக்கமாகச் சொல்லவில்லையாம். விடுகிறவர்கள் காரணம் சொல்வதில்லை.

அதன்பின் பயணத்தைத் தள்ளிப்போட்டு இன்னும் மூன்று கிழமை நின்றார். விடிய எழும்பி அதே கோட்டில் நான் மறிக்க, அவர் கடக்கப் பழகினார். எங்கள் பெண்பிள்ளைகள் சின்னனிலிருந்தே செய்கிற வேலைதான். முழு வேகத்தில் வந்து நிற்க வேண்டும், கண் நேரே இருக்க வேண்டும், பொய்யைத் தோளிடம் கொடுக்க வேண்டும். கடைசிக் கிழமையில் என்னால் அவருடைய சேட்டு நுனியைக்கூடத் தொட முடியவில்லை. கை முழங்கால் எல்லாம் உரசல். எனக்கு அவ்வளவு பெருமை. பந்தை எனக்கே விட்டுவிட்டுப் போனார். அங்கே நிறையத் தருவார்கள் என்றார்.

மே மாதம், அந்த அணியின் முதல் நாள் பரீட்சை முடிந்து அவர் தொலைபேசியில் அழைத்தபோது அங்கே முன்னிரவு, இங்கே விடியற்காலை. நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். குரலில் ஒன்றுமே இல்லை.

“ஒருத்தனாலயும் என்னைத் தொட ஏலாமல் போச்சு தங்கச்சி. ஆனா பந்து நாலுதரம் நிலத்தில விழுந்தது.”

மெல்ல மெல்லக் கேட்டு அறிந்தேன். கோட்டை அழகாகக் கடந்திருக்கிறார். எதிராளி ஒரு பக்கம் விழ, இவர் மறுபக்கம் போயிருக்கிறார். பிறகு அவன் எழும்பிக் கையை நீட்ட, இவர் இன்னும் கொஞ்சம் விலகியிருக்கிறார். இன்னொருவன் வர, இன்னும் கொஞ்சம். பந்தோ பேசி வைத்த இடத்துக்கு வந்திருக்கிறது. இவர் அந்த இடத்திலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நின்றிருக்கிறார், ஒருவர் கையும் படாமல்.

விளக்குமாற்றோடு அப்படியே படியில் இருந்துவிட்டேன். கிளித்தட்டில் எங்களுக்கு யாரும் எதையும் எறிவதில்லை. தொடுபடாமல் இருந்தால் போதும். நான் மூன்று கிழமையாக அவருக்கு ஓர் ஓட்டத்தைப் பழக்கினேன் என்று நினைத்தேன். அதோடு சேர்த்து எங்கள் ஆட்டத்தின் பயத்தையும் பழக்கியிருக்கிறேன். அவருடைய கடைசிச் சந்தர்ப்பத்தில் எங்கள் வெங்காயத் தறையின் சட்டத்தை அவர் தலைக்குள் போட்டு அனுப்பியவள் நான். அவர் இனி நித்திரைக்குப் போய்விடுவார், எழும்பினால் இரண்டாம் நாள். அழுகிறதுக்கு நேரம் இல்லை. கைத்தொலைபேசியை எடுத்துக் குரலிலேயே அனுப்பினேன்.

“அண்ணை, நான் பிழையாப் பழக்கிப்போட்டன். கோடு மட்டும்தான் கிளித்தட்டு. கடந்த உடனை அதை மறந்துபோடுங்கோ. அவன் தொடட்டும், இடிக்கட்டும். அங்கை தொட்டாலும் நீங்கள் அவுட் இல்லை. போய் உங்கடை இடத்தில நில்லுங்கோ.”

கேட்டதற்கான அடையாளம் திரையில் விழுந்தது. பதில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் முடிந்து, நான் பல்கலைக்கழகக் கன்ரீனில் தேத்தண்ணீரோடு இருக்கும்போது ஒரே ஒரு சொல் வந்தது: “ஓம்.”

அந்த ஒரு சொல்லின் அர்த்தம், மேலதிக வீரர்களில் ஒருவராக அவரை வைத்துக்கொண்டார்கள் என்பதுதான். கிழமை முழுக்கப் பயிற்சிக்கு ஓடவேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஓரத்தில் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கவேண்டும். அப்படியே மாதங்கள் போயின. டிசம்பரில் இரண்டு பேர் காயப்பட, அவரை இறக்கினார்கள். அங்கே ஞாயிறு முன்னிரவு, எங்களுக்குத் திங்கள் காலை. விரிவுரையை விட்டுவிட்டு, குசினி வாசலில் அம்மாவோடு கைத்தொலைபேசியில் பார்த்தேன். அண்ணை நேரே ஓடினார். நின்றார். தோள் மட்டும் சாய்ந்தது, தலை அசையவில்லை. எதிராளி மறுபக்கம் போய்விட்டான். அண்ணை உள்ளே வெட்டித் தன் இடத்துக்கு வர, பந்தும் வந்தது, இன்னொருவனும் வந்து முழு உடம்பால் இடித்தான். இரண்டு பேரும் விழுந்தார்கள்.

“ஆரடி தம்பியை இடிச்சது?” என்றார் அம்மா.

“இடிச்சது பரவாயில்லை அம்மா. பந்து அண்ணையின்ரை கையில கிடக்குது.”

மலையைப் புரட்டிய வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது. அந்த அணியில் அவர் பிடித்த பந்துகளைக் கைவிரல்களிலேயே எண்ணிவிடலாம். அடுத்த வருடம் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார்கள். கனடாவில் இன்னும் இரண்டு பருவம் ஆடினார், முழங்கால் போயிற்று, ஆட்டத்தை நிறுத்தினார். இப்போது பொதிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வாகனம் ஓட்டுகிறார். நான் கவலையோடு கதைத்தால் அவருக்குப் பிடிக்காது. நான்கு பேர் விட்டும் ஐந்தாவது இடத்துக்குப் போய்க் கதவைத் தட்டியவர். போன மாதம் கிளித்தட்டுப் பிள்ளையைப் பற்றி நான் மூச்சு விடாமல் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “எப்ப தொடங்கிறாய்?”

அந்த ஆட்டத்துக்கு இடிபடுதல் இல்லாத வகை ஒன்றும் இருக்கிறது. இடுப்பில் இரண்டு துணிப்பட்டி செருகியிருக்கும், அதை உருவினால் ஆட்டம் நிற்கும். அப்பாவின் பழைய சாரம் இரண்டை வெட்டிப் பட்டிகள் தைத்தேன். பாடசாலை அதிபரிடம் மைதானம் கேட்டேன். “மற்றப் பள்ளிக்கூடம் ஒண்டும் விளையாடாததை ஆரோடை விளையாடப் போறியள் பிள்ளை?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடி அலைந்தேன். இன்று இருக்கிறது: வட்டுக்கோட்டைப் பக்கம் என் சிநேகிதியும் தொண்டர் ஆசிரியைதான், அவளிடம் எட்டுப் பிள்ளைகள் விளையாடச் சம்மதித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை திரும்பவும் அதிபரின் அறைக்குப் போவேன். இல்லை என்றால் அடுத்த திங்களும் போவேன்.

அதுவரை வெங்காயத் தறை இருக்கிறது. அடுத்த நடுகை வரை ஒரு மாதம் தந்திருக்கிறார் அப்பா, மண்ணை இறுக்கினால் நானே கொத்தித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. சைக்கிள் கடையில் ஊசி மாற்றிக் காற்று அடித்ததில் பந்து மறுபடி கல்லுப்போல நிற்கிறது. தையலில் இருக்கும் மண்ணை நான் துடைக்கவில்லை. சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். முதலில் ஓடப்போகிறவள் அந்தத் தரம் ஒன்பதுப் பிள்ளை. தொட்டாலும் அவுட் இல்லை என்பதை அவளுக்கு முதலிலேயே சொல்லிவிடுவேன். அந்தப் பிழையை இரண்டாம் தரம் விடமாட்டேன். பிறகு அவள் நேரே ஓட, அவள் திரும்புவதற்கு முன்னமே, இன்னும் ஒருவரும் இல்லாத இடத்துக்கு நான் பந்தை எறிவேன்.