அம்மா வராத கலியாணமும் அண்ணாவின் கசெட்டும்

எங்கள் அண்ணா நீர்வேலியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா வேளைக்கே காலமாகிவிட, குடும்பத்தைத் தோளில் எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்தவர், துறைமுகத்துக் கம்பனி ஒன்றில் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றார். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை, ஒரு கட்டில், தோளில் மாட்டும் ஒரு ரேப் ரெக்கோடர். அவ்வளவுதான் அவருடைய சொத்து. முகத்துவாரத்துக் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரக்காரருக்குக் கிட்ட மைக்கைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். பதியும்போது இருமவும் மாட்டார். அவர் பதிந்த கசெட் எதிலும் அவருடைய குரல் இருக்காது.

என் கலியாணம் சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையில் நடந்தது. ஊரில் இருந்த அம்மாவுக்குக் கொழும்புக்கு வரப் பாஸ் கிடைக்கவில்லை. ஒரே பெண்பிள்ளைக்கு அட்சதை போட அம்மா இல்லையே என்று நான் அழுதேன்.

"அழாதை பிள்ளை. அம்மாவுக்குக் கேக்கப் பண்ணுறன்" என்றார் அண்ணா.

மாப்பிள்ளைத் தோழனும் அவர்தான். சால்வைக்குள் ரெக்கோடரை மாட்டிக்கொண்டே மாப்பிள்ளையின் காலைக் கழுவினார். அந்தத் தண்ணீர்ச் சத்தமும் கசெட்டில் இருக்கிறது. கெட்டிமேளத்துக்கு ஐயர் கைகாட்டியதும், தவில் சத்தத்தில் பதிவு கெட்டுவிடாமல் ஒலியைக் குறைத்தார். பிறகு, அதுவரை ஒருநாளும் செய்யாததைச் செய்தார். மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், "அம்மா, இப்ப போடுங்கோ" என்றார்.

கிளாலிக் கடலால் படகில் ஊருக்குப் போன தெரிந்தவர் ஒருவர் கசெட்டை அம்மாவிடம் சேர்த்தார். ஊரில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. அயல்வீட்டு மாமா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுப்பெட்டியைப் பாடவைத்தாராம். அவருடைய கை ஓய்ந்தால் மேளமும் இழுபடுமாம். இரண்டு மாதம் கழித்து அம்மாவின் கடிதம் வந்தது.

"மஞ்சளரிசியைக் கையிலை வைச்சுக்கொண்டுதான் கேட்டனான். கொண்ணன் சொன்ன உடனை எழும்பி நிண்டு போட்டனான் பிள்ளை. பெட்டி முழுக்க அரிசி."

இந்த மனுசன் அம்மாவை என் மணவறைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாரே! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மலைப்புத்தான்.

கடைசி மாதங்களில் அண்ணா எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவரைக் கவனித்த டாக்டருக்கும் தாதியருக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த கீழ்மாடிக் குடும்பத்துக்கும், அன்று பெடல் சுற்றிய மாமாவின் பிள்ளைகளுக்கும், துயரில் கூடநின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிட்டபோது கை எழும்பவில்லை. நீங்கள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றீர்கள். கசெட்டில் கேட்ட அந்தக் குரல் காதில் கேட்டது: "இப்ப போடுங்கோ."

போட்டேன்.

அன்புத் தங்கை