அப்பா எனக்கு வைத்த சலாம்

அன்று காலை இட்லிப் பொடிக்கு மிளகாய் வறுத்தேன். வறுத்து இறக்கியதும் தொண்டையில் ஓர் அரிப்பு. மிளகாய் நெடிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நெடியென்றால் தண்ணீர் குடித்ததும் அடங்க வேண்டும், இது அடங்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்படியில் நிற்கிறவளின் நெற்றி எப்போதும் சூடாகத்தான் இருக்கும், அதை வைத்து என்ன தெரியும்? வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன்.

"ஒனக்கு ஒண்ணுமில்ல. பயம்தான் ஒனக்கு வியாதி" என்றார்.

அவர் சொன்னதிலும் பொய்யில்லை. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான் நான் அப்பாவைப் பார்க்கப் போகிற நாள்.

எங்களுக்கு இந்தத் தீவில், புரோத்ராபூரில் சின்னதாக ஒரு டிபன் கடை. அப்பா சிப்பிகாட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். விடியும் முன்னே எழுந்து, பால் வெட்டப் போகிறேன் என்று கதவைத் திறந்துகொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விடுவார். அவர் பால் வெட்டிய ரப்பர் மரங்களெல்லாம் கடலுக்கு அப்பால் கச்சால் தீவில் இருந்தன. ஒருநாள் ஒரு லாரி அவர் முட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதன் பிறகுதான் அங்கே சேர்த்தோம். பெற்றவரை வெளியே விட்டவள் என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்வார்களோ என்று நான்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஆட்கள் ஒவ்வொருவராக மறந்துபோனார்கள். அவர் நினைவிலிருந்து தம்பி முதலில் போனான். எஞ்சியிருந்தது என் முகம் மட்டும்தான். எதிரே போய் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு, "வந்துட்டியா புள்ள" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாராவாரம் பஸ் ஏறினேன். அதற்கு முந்திய வாரம் அந்தச் சொல் வர வெகுநேரமாயிற்று. நான் எழுந்து கிளம்பலாமென்று இருந்தபோதுதான் வந்தது. ஒரு வாரம் விட்டால் நானும் போய்விடுவேன் என்று பயந்தேன்.

இல்லத்திலிருந்து முன்பே போன் வந்திருந்தது. உள்ளே இருமல் பரவுகிறது, இரண்டு பெரியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம், வருகிறவர்கள் மாஸ்க் போட வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அறைக்குள் போகாமல் வெளிக் கொட்டகையில் தள்ளி உட்கார்ந்துதான் பேச வேண்டும், கையால் ஊட்டக்கூடாது, சளியோ காய்ச்சலோ இருந்தால் வரவே வேண்டாம் என்றார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அம்மா தோட்ட வேலைக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அங்கே வாசலில் இந்தியிலும் இங்கிலீஷிலும் பெரிய போர்டு மாட்டியிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் சரியாகப் புரிந்ததா என்று எனக்குச் சந்தேகம் போகாது. அதனால் திரும்பத் திரும்பப் போன் போட்டுக் கேட்பேன். சோப்புப் போதுமா, சானிடைசர் வேண்டுமா, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் மறுபடி கழுவ வேண்டுமா என்று.

மாயாபந்தரில் படகுத்துறையில் வேலை பார்க்கும் தம்பிக்குப் போன் செய்தேன்.

"தொண்ட ஒரு மாதிரி இருக்குடா. போகட்டுமா, வேணாமா?"

"நீ போகலன்னா அப்பாவுக்கு இந்த வாரம் ஆளே இல்லக்கா."

"நீ ஒரு தடவ வாயேன்."

"நான் வந்து என்ன? போன தடவ என்னையப் பாத்து, நீங்க எந்த டிவிசன் கணக்கப்புள்ளன்னு கேட்டாரு. சட்டைய இன் பண்ணிட்டுப் போனது தப்பாப் போச்சு."

தோட்டத்தில் ஆட்களுக்குக் கணக்கு எழுதுகிற கணக்கப்பிள்ளைகள்தான் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வருவார்கள். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்பிவிட்டேன்.

கேட்டில் இருந்த ஆயா ராஞ்சிக்காரி. என்னை தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். குழாயடியில் நான் கை கழுவுவதைப் பார்த்து இந்தியில், "தீதி, இப்படித் தேய்ச்சா ரேகையே அழிஞ்சுபோயிடும். அப்புறம் ஆதார் மெஷின் உங்களை யாருன்னே சொல்லாது" என்றாள். பிறகு வழக்கமான கேள்விகள். காய்ச்சல்? இல்லை. இருமல்? இல்லை. தொண்டை?

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உள்ளே இருக்கிற கிழவர்களெல்லாம் கண்முன் வந்தார்கள். "தோடா..." என்றேன். கொஞ்சம் என்று.

அவள் முகம் மாறியது. "அடுத்த வாரம் வாங்க தீதி."

கெஞ்சினேன். அப்பாவுக்கு முகம் மறந்துகொண்டே வருகிறது, அடுத்த வாரத்துக்குள் என்னையும் மறந்துவிடுவார் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அழுததைப் பார்த்து ஒதுங்கினார்களா, தொண்டை என்று கேட்டு ஒதுங்கினார்களா தெரியாது. ஆயா உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். என் மாஸ்க்கின் மேல் இன்னொரு மாஸ்க். அதற்கு மேல் கொரோனா காலத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் முகத்தடுப்பு. முற்றத்தின் இந்தக் கோடியில், கேட்டை ஒட்டிய வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"இதைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்து கிட்டப் போனீங்கன்னா என் வேலை போயிடும்."

அப்பாவை வராந்தாவுக்குக் கூட்டிவந்தார்கள். அங்கே பெரியவர்கள் காய்ச்சல் பார்க்க வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்க் போட்ட ஒரு பையன் ஒவ்வொரு நெற்றியாகக் கருவியை நீட்டிக்கொண்டு வந்தான். அப்பா அந்த வரிசையைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். கேட்டருகில் தனியாக, முகமே தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

நான் கையை ஆட்டினேன். "அப்பா, நாந்தாம்பா." பிளாஸ்டிக்குக்குள் என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டிக்கொண்டார். படியிறங்கி முற்றத்துக்கு வந்து, பாதி தூரத்தில் நின்று, குனிந்து நெற்றிக்குக் கை கொண்டுபோனார்.

"சலாங்க தொரசானி."

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் துரையின் பெண்டாட்டியைத் தொரசானி என்பார்கள். பிறகு அதிகாரத்தோடு வந்து நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் எங்கள் ஆட்களிடம் அந்தப் பெயர்தான். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, மண்டபம் கேம்ப்பில் கிடந்து, பிறகு ரப்பர் தோட்ட வேலைக்குக் கப்பலில் கச்சால் தீவுக்கு வந்தவர்கள் அப்பாவும் அம்மாவும். நான் அப்போது கைக்குழந்தை. கேம்ப்பில் வரிசையில் நிற்க வைத்து உடம்பு சோதித்துத்தான் கப்பலுக்கு அனுப்பினார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வேறெதுவும் சொன்னதில்லை.

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைக் காட்டினார். நாக்கை நீட்டினார். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க தொரசானி. நெஞ்சு சுத்தமா இருக்கு."

எழுந்திருக்கப் பார்த்தேன். நான் அசைந்ததும் அவர் பயந்து ஓர் அடி பின்னால் போனார், கால் தடுமாறியது. ஆயா கேட்டிலிருந்து கையைக் காட்டினாள், உட்காருங்கள் என்று. உட்கார்ந்தேன்.

பக்கத்துக் கொட்டகையில் மாமனாரைப் பார்க்க வந்திருந்த ஓர் அம்மாள், மெயின்லேண்டிலிருந்து வந்த காண்டிராக்டர் குடும்பம்போல, பட்டுப்போன்ற தமிழில் என்னைக் கேட்டாள்: "பாவம், யாருங்க அந்தப் பெரியவர்? உங்க வீட்ல வேலை பார்த்தவரா?"

"அப்பா" என்றேன். மூன்று மறைப்புக்குள் அது அவளுக்குக் கேட்கவில்லை.

"என்னங்க?"

நான் இரண்டாம் முறை சொல்லவில்லை.

அப்பா அதற்குள் ஒரு கையை வளைத்து மார்போடு சேர்த்து வைத்திருந்தார், பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல. மற்றக் கையால் அதை மூடினார்.

"புள்ளைக்கும் காய்ச்ச இல்லீங்க. வெயில்ல நின்ன சூடுங்க. தொட்டா சுடும். ஆனா காய்ச்ச இல்ல. தோட்டத்துப் புள்ளைங்களுக்கு ஒடம்பே அப்புடித்தாங்க."

நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இன்னும் குனிந்தார்.

"புள்ளைய நிறுத்திக்கிட்டு எங்கள மட்டும் கப்பல்ல ஏத்திறாதீங்க தொரசானி. இருக்கிறது ஒண்ணுங்க. ஒங்க காலுல விழுறேன்."

அவர் கையில் வைத்திருந்தது என்னை. கெஞ்சிக்கொண்டிருந்ததும் என்னிடம்.

எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டு முகத்தைக் காட்டினால் போதும், தெரிந்துகொள்வார் என்று தோன்றியது. கை மாஸ்க் வரை போனது. அதே நேரம் தொண்டையில் அந்த அரிப்பு ஏறி, இருமல் வந்துவிட்டது. முழங்கைக்குள் முகத்தைப் புதைத்து இருமினேன். அப்பா நடுங்கிப்போய் நின்றார். வராந்தாவில் பாதிப் பேர் வயிறு ஒட்டி, நெஞ்சு கூடாகி உட்கார்ந்திருந்தார்கள். கையை இறக்கிக்கொண்டேன்.

என்ன செய்வதென்று தெரியாமல், எங்கள் கடைக்கு வந்து அதட்டிவிட்டுப் போகிற ஆபீஸர் அம்மாக்களின் குரலைப்போல் உரக்கச் சொன்னேன்: "சரி. எல்லாரும் போகலாம்."

"புள்ளையும்ங்களா?"

"புள்ளையும்தான்."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மறுபடி சலாம் வைத்தார். திரும்பி வராந்தாவுக்கு நடந்தார், கையை மார்பிலிருந்து எடுக்காமலே. பக்கத்திலிருந்த வங்காளிக் கிழவரிடம் தமிழில், "பாஸ் பண்ணிட்டாங்க" என்றார். அவரும் எதுவும் புரியாமல் தலையாட்டினார்.

மறுநாளே எனக்குக் காய்ச்சல் அடித்தது. கடையை மூடிவிட்டுப் படுத்தேன். நீ மாஸ்க்கைக் கழற்றாமலிருந்தது எவ்வளவு நல்லது என்று வீட்டுக்காரர் சொன்னார், தம்பி சொன்னான், போனில் ஆயாவும் சொன்னாள். சரியானதைத்தான் செய்தேன். ஆனால் போர்வைக்குள் கிடந்தபோது வாயில் வராத அந்த இரண்டாவது "அப்பா"தான் திரும்பத் திரும்ப வந்தது. அதைத் தடுத்தது மாஸ்க் இல்லை. இடுப்பில் துண்டு கட்டிய அந்த மனிதரை என் அப்பா என்று அந்தப் பட்டுத் தமிழ்க்காரிக்குச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான்.

உடம்பு முழுக்கத் தேறி, இல்லத்திலும் இருமல் அடங்கிய பிறகு போனேன். இந்த முறை மாஸ்க் வேண்டாம், கை மட்டும் கழுவுங்க என்று ஆயா பக்கத்திலேயே உட்கார விட்டாள். முகத்தை நன்றாக வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு காத்திருந்தேன். அப்பா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரு புள்ள நீயி? நீயும் கப்பலுக்கா?"

"ஆமாப்பா" என்றேன்.

"பயப்படாத. அந்தத் தொரசானி நல்லவுங்க. எம்புள்ளைய விட்டுட்டாங்க." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒரு வார்த்த ஒக்காரச் சொல்லல. அவுங்க பாட்டுக்கு ஒக்காந்திருந்தாங்க. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். காலு கடுத்துப்போச்சு."

கீழே உட்கார்ந்து அவர் காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டேன்.

"அய்யய்யோ, ஒனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்றார். ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.