ராக்காயி வைத்த மரத்தக்காளி

ராகலைப் பக்கத்தில் ராக்காயியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் மட்டும் இல்லாதிருந்தால் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் பத்தாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு பிடி மண் மிஞ்சியிருக்காது.

அவள் அங்கிருந்த தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவள். பத்து வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினாள். பக்கத்து லயத்து அழகுமுத்துவுக்கு வாக்கப்பட்ட வருஷம், லயத்துக்குப் பின்னால் கோடிப்புறத்தில் ஒரு துண்டு நிலத்தை நிர்வாகம் அவர்களுக்கு விட்டது. நிலம் என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். முழுக்கக் கல். ஒரு வருஷம் முழுக்கக் கடப்பாறையால் கல்லைப் பெயர்த்து, அந்தக் கல்லையே வரம்பாகக் கட்டி, லீக்ஸும் கோவா என்கிற முட்டைக்கோஸும் போட்டாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதம். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்க, துரைக்குக் கீழே வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மத்தியாஸ் ஒரு கட்டளையை வாசித்தார். லயத்து நிலங்களில் மரக்கறி, அதாவது காய்கறி, மட்டும் போடலாம். மரம் வைக்கக்கூடாது. வைத்தால் நிலம் பறிபோகும்.

“ஏங்க ஐயா, மரம் வச்சா என்னாங்க?” என்றாள் ராக்காயி.

“மரம் வச்சா நாளைக்கு நெலம் என்னுதும்பீங்க. கடல் தாண்டி வந்த நீங்க இந்த நாட்டு ஆளுங்களான்னே இன்னும் முடிவாகல. புடுங்கச் சொன்னா அன்னைக்கே புடுங்குற மாதிரி இருக்கணும்.”

மத்தியாஸ் கெட்ட மனுஷன் அல்ல. தோட்டத்தை நடத்தும் துரை சொன்னதைத்தான் சொன்னார். ஆனால் ராக்காயிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட மனு போன மாதம்தான் தள்ளுபடியாகித் திரும்பி வந்திருந்தது. காகிதம்தான் கிடையாது, ஒரு மரம்கூடவா கூடாது? அதுவரை மரம் வைக்கும் நினைப்பே அவளுக்கு இருந்ததில்லை. அன்றைக்குத்தான் வந்தது.

அடுத்த வாரம் துரை பங்களாவில் புல் வெட்டப் போனாள். அங்கே மரத்தக்காளிப் பழம் ஒன்று தரையில் விழுந்து கிடந்தது. மடியில் முடிந்து கொண்டுவந்து, விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி, கோவாப் பாத்திக்கு நடுவில் ஊன்றினாள். நாலு முளைத்தது. விடியற்காலைப் பனி மூன்றைக் கருக்கிவிட்டது. மிஞ்சிய ஒன்றின்மேல், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கைப் பொழுது சாய்ந்ததும் போர்த்திவிடுவாள். வெயில் மாதங்களில் லயத்துக்கெல்லாம் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகும். வரிசையில் நின்று பிடிக்கும் இரண்டு வாளியில் ஒன்று சமையலுக்கு, இன்னொன்று செடிக்கு. குளிக்கத் தண்ணீர் இல்லாமல் அழகுமுத்து முறைத்தான்.

“ஒனக்குப் புருஷன் முக்கியமா, செடி முக்கியமா?”

“நீங்க காய்க்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் வருஷ வெயிலில் அது ஆள் உயரத்தைத் தாண்டியது. முறம் அகலத்துக்கு இலை, கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். இனி எங்கே மறைப்பது? மத்தியாஸ் வந்து நின்றார்.

“மரம் வைக்காதேன்னு சொன்னேனா இல்லையா?”

“இது தக்காளிங்க ஐயா.”

“மரத்தக்காளி! பேர்லயே மரம் இருக்கு.”

“மரக்கறியிலயுந்தான் மரம் இருக்கு. அதைப் போடச் சொன்னது நீங்கதானே?”

லயமே சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் வினையாகிப் போனது. மத்தியாஸின் முகம் கறுத்தது. “நாளைக்குக் காலையில தொரையையே கூட்டிக்கிட்டு வர்றேன். இந்த மரம் நின்னா நெலம் ஒனக்கில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“வெட்டிப் போட்டுருவோம் புள்ள. கறிக்குப் புடுங்குற நெலமும் போயிருச்சுன்னா என்னா செய்யிறது?” என்று அழகுமுத்து கெஞ்சினான். அவன் பயம் நியாயமானதுதான். ராக்காயி எதிர்மலைத் தேயிலையைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். பிறகு அவனுடைய கவ்வாத்துக் கத்தியை எடுத்துவரச் சொன்னாள். தேயிலையைச் சில வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தறிக்கும் கத்தி அது.

அவன் அடிமரத்தில் கத்தியை ஓங்கினான்.

“அங்க இல்ல. தேயிலைக்கு வெட்டுற ஒசரத்துல, அதே சாய்வுல வெட்டுங்க.”

அவன் வெட்டினான். ஒரு காய்கூடப் பழுத்திருக்கவில்லை. இரண்டு வெயிலாக அவள் சுமந்து ஊற்றிய தண்ணீர் அத்தனையும் தரையில் கிடந்தது. ராக்காயி அழுதாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள்.

காலையில் துரை வந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனாலும் தோட்டத்துத் தமிழ் அவருக்கு அத்துப்படி. வெட்டியது போக மிஞ்சிய குட்டையைத் தடியால் தட்டி, “இது மரந்தானே?” என்றார்.

“ஆமாங்க தொரை, மரந்தான்.”

மத்தியாஸ் திடுக்கிட்டார். அழகுமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

“தெரிஞ்சேதாங்க வச்சேன்” என்றாள் ராக்காயி. “தேயிலையும் மரந்தான். சும்மா விட்டா ஆகாசத்துக்குப் போகும். கவ்வாத்து வெட்டி வெட்டி நாங்கதான் செடியா வச்சிருக்கோம். இதையும் அதே மாதிரிதான் வெட்டியிருக்கு. இது மரம்னா இந்த மலை பூரா மரம். அதை வச்சதும் எங்க ஆளுங்கதான். எதைப் புடுங்கணும்னு நீங்களே சொல்லுங்க.”

துரை எதிர்மலையைப் பார்த்தார். குட்டையைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. கடைசியில் மத்தியாஸிடம், “தேயிலை ஒசரம். இடுப்புக்கு மேல போகக்கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நிலம் அவளிடமே நின்றது. மழை தொடங்கியதும் குட்டையிலிருந்து ஏழு கிளை வெடித்தது. ஐப்பசி பிறக்கும்போது இடுப்பைத் தாண்டியிருந்தது. அழகுமுத்து கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தான்.

“தொரை சொன்ன ஒசரம் தாண்டிருச்சு. வெட்டிரவா?”

“கத்தியை உள்ள வைங்க.”

“அவரு வந்து கேட்டா?”

“கேக்கட்டும். மரந்தான்னு அவருகிட்ட அன்னைக்கே சொல்லியாச்சு.”

அதற்கடுத்த வெயிலில் பழம் பறிக்க அழகுமுத்து லயத்துத் தகரக் கூரையின்மேல் ஏற வேண்டியிருந்தது.