ஒரு புத்தகத்துக்கு ஒரு டின் அரிசி

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நான் ஒரு புத்தகம் போட்டேன். போட்டதில்கூடத் தப்பில்லை, விற்றதில்தான் தப்பு. அந்தச் செலவையும் வரவையும் உள்ளபடி எழுதிவைக்கிறேன். எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அதைப் பற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

முப்பத்திரண்டு பக்கம். தோட்டத் தொழிலாளி எப்படி வாழ வேண்டும் என்று எழுதியிருந்தேன். கள்ளுக் குடிக்காதே, கடன் வாங்காதே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு, வீட்டைச் சுத்தமாக வை. என் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கு உதவியாகப் பேர்ப்பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயதிலேயே ஊருக்குப் புத்தி சொல்லும் தகுதி வந்துவிட்டதாக நினைப்பு. ஊரோ மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்று கால் வீங்கிக் கிடந்தது.

சுங்கைப் பட்டாணி அச்சுக்கூடக்காரர் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைத் தொடவே இல்லை. "இன்னிக்கு நோட்டு, நாளைக்குக் குப்பை. பொருளா கொண்டா லா, தம்பி" என்றார். எங்கள் வீட்டுப் பொருள் இரண்டு ஆடுகள். இரண்டும் போயின. அச்சடிக்க அனுமதி முத்திரை குத்திய குமாஸ்தாவுக்கு மூன்று கோழிகள். அப்பா, "அச்சுல ஒம் பேரு வருமா?" என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். ஆடுகளை அவரே பிடித்துக் கொடுத்தார். போன ஆடுகளுக்கு ஈடாக வீட்டுக்கு அரிசி கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு என்று அப்போதே மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

இருநூறு புத்தகங்கள் வந்தன. சைக்கிள் டயருக்குள் காற்றுக்குப் பதில் பழைய கயிற்றைத் திணித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். பாடாங் செராய் மளிகைக்கடைக்காரர், விற்றால் பாதி தனக்கு என்று பேசி இருபது வாங்கி வைத்தார். மூன்று வாரம் கழித்துப் போனேன். நாலு போயிருந்தது.

"யாரு வாங்குனாங்க, அண்ணே?"

"பொகையில சுத்தறவன் ஒருத்தன்தான் நாலையும் எடுத்தான். தாளு நல்லா எரியுதாம்."

நான் முகம் சுளித்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. "கோவப்படாத லா. கள்ளு குடிக்காதேன்னு எழுதிருக்க. கள்ளு எங்க கெடைக்கும்னு எழுதியிருந்தா இந்நேரம் நூறு போயிருக்கும்."

அந்த மனிதரை அன்றைக்கு மனதுக்குள் திட்டாத திட்டில்லை. இப்போது யோசித்தால், என் புத்தகத்தைப் பற்றி என்னிடம் உண்மை பேசிய ஒரே வியாபாரி அவர்தான்.

தோட்டத்தில் பெரிய கங்காணி என்னைக் கூப்பிட்டார். "இத எதுக்குக் கட கடையா தூக்கிட்டு அலையற? எங்கிட்ட குடு. நம்ம லயத்துல அறுவது வீடு. ரெண்டே நாள்ல தீத்துடறேன். புஸ்தகத்துக்கு ஒரு டின் அரிசி. கால் பங்கு எனக்கு."

கொடுத்தேன். எப்படி விற்பீர்கள் என்று கேட்கவில்லை. நம் மக்கள் வாங்கப் போகிறார்கள் என்ற சந்தோஷத்தில் கேள்வியே எழவில்லை.

அவர் சொன்னபடியே தீர்த்தார். மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு ஒரு சாக்கு வந்தது. உள்ளே அரிசி, பால் டின்னால் அளந்து முப்பது டின். "அறுபது வீடாச்சே?" என்றேன். "கால் பங்கு எனக்கு, கால் பங்கு ஸ்டோர்காரனுக்கு. நோட்டா வேணுமா, சோறா வேணுமா?" என்றார். சோறு என்றேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் சோறு பொங்கியது. எட்டு டின் தின்றோம். லயத்தில் நான் நடந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எழுத்தாளன் என்ற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஒருத்தி காறித் துப்பியபோது, பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாதான் விஷயத்தை உடைத்தாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து என் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்றேன்.

"ஸ்டோர்ல ரேஷன் அரிசி போட்ட அன்னிக்குக் குடுத்தாங்க. வீட்டுக்கு ஒரு புஸ்தகம், ஒரு டின்னு கொறச்சு அளந்தாங்க. நமக்குந்தான் கொறச்சாங்க."

"ஏம்மா சொல்லல?"

"நீதான் அப்படிக் குடுக்கச் சொன்னேன்னு கங்காணி சொன்னாரு. படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

அரிசி அளந்த நாளில் நான் மறுபடியும் பாடாங் செராய்க்குப் போய் நாலு புத்தகத்துக்குப் பங்கு பேசிக்கொண்டிருந்தேன்.

கங்காணி வீட்டுக்கு ஓடினேன். திண்ணையில்கூட ஏறவிடவில்லை. "விக்கச் சொன்ன, வித்தேன். கை நீட்டி வாங்குனப்ப எப்படின்னு கேட்டியா? இப்ப வந்து நியாயம் பேசற?" அந்த ஆளின் முகத்தை இன்றும் பார்க்கப் பிடிக்காது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி.

மிச்சமிருந்த இருபத்திரண்டு டின்னையும் தூக்கிக்கொண்டு லயத்தின் முதல் வீட்டிலிருந்து திருப்பிக் கொடுத்துக்கொண்டே போனேன். முதல் வீட்டுக் கிழவர் அரிசியை வாங்கிக்கொண்டு, "இதையும் எடுத்துட்டுப் போ" என்று புத்தகத்தை என் கையில் திணித்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. இருபத்து மூன்றாவது வீட்டில், அம்மாவோடு பால் வெட்டும் அக்கா பானையோடு வாசலில் நின்றாள். சாக்கை உதறிக் காட்டினேன்.

"எங்க வீட்டுக்கு வரும்போது தீந்துபோச்சாக்கும்?"

"அடுத்த அரிசியில தாரேன், அக்கா."

"அடுத்த அரிசிக்கு இன்னொரு புஸ்தகம் போடுவியா?" என்றாள். பக்கத்து வாசல்களில் சிரித்தார்கள்.

எங்கள் பங்கிலிருந்து அவ்வப்போது ஒரு டின், அரை டின் என்று கொடுத்தேன். ஜப்பான்காரன் போகும்வரை பதினொரு வீட்டுக்குத்தான் அடைக்க முடிந்தது. எங்கள் வீட்டைத் தள்ளினால் இன்னும் இருபத்தாறு வீடு நிற்கிறது. இரண்டு ஆடு, மூன்று கோழி. வரவு, எட்டு டின் சோறு.

இப்போது இந்தியாவிலிருக்கும் ஊருக்கு மறுபடி கடிதம் போகத் தொடங்கிவிட்டது. முன்பெல்லாம் லயத்துக் கடிதங்களை நான்தான் காசு வாங்காமல் எழுதிக்கொடுப்பேன். போன வாரம் அந்த அக்கா முந்தானையில் காசு முடிந்துகொண்டு பாடாங் செராய் பக்கம் நடந்தாள். அங்கே மனு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார்.

"நான் எழுதித் தாரேன், அக்கா. காசு வேணாம்" என்றேன்.

"வேணாம்பா. நீ சும்மா குடுத்தது எவ்வளவு ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியும்" என்றாள். நிற்காமலேதான் சொன்னாள். போக நாலு மைல், வர நாலு மைல்.